வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

ஆசிரியப் பணியிலுள்ள அன்பர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் வரைந்துள்ளார். அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் வடநாட்டுக்கு மாற்றலாகிச் செல்கிறார். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய தம்முடைய மாருதி 800 காரை ஐம்பதாயிரம் ரூபாய்க்குத் தம்பிக்கே விட்டுவிட விரும்புகிறார். தம்பியின் வீட்டிலோ முழங்கால் வலியால் வருந்தும் தாயார். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் இருவர். பேருந்து நிறுத்தம் ஒரு மைல் தொலைவு. "வாங்கலாமா? வாங்கினால் என் சம்பளத்தில் அதைக் காப்பாற்ற முடியுமா?" என்று அன்பர் வினவுகிறார்.

முதற் கேள்விக்கு ஊரில் எவரும் விடை கூறிவிடுவர். இரண்டாவது கேள்விக்கு விடை கூறுவோர் அரியர். நம் இல்லத்திலும் அதே வகைக் கார் ஒன்று 2021 முதல் இருந்துவருகிறது. அதன் பொருட்டு நாம் செய்த பிழைகளும் பலவாதலால், இம்மாதம் இப்பகுதியை அன்பருக்கே ஒதுக்குகிறோம்.

இந்தக் காரைப் பற்றி நம் குடும்பங்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1983 டிசம்பர் 14 ஆம் நாள் அந்நாள் பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை அதன் உரிமையாளரிடம் வழங்கினார். அன்று தொடங்கிய உற்பத்தி 2014 ஜனவரியில்தான் நின்றது. முப்பது ஆண்டுகளில் இருபத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. 796 கன செண்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட சிறிய எஞ்சின். பன்னிரண்டு அங்குலச் சக்கரங்கள். இதனைப் பிரித்துப் பூட்டத் தெரியாத மெக்கானிக் தமிழகத்தில் இருப்பாரென்று நாம் நம்பவில்லை. உதிரிப் பாகங்களும் சிற்றூர்க் கடைகளில்கூடக் கிடைக்கின்றன. குறைந்த வருவாயுடைய குடும்பம் பழைய கார் ஒன்றை வாங்குமானால், பலர் வைத்திருந்த காரை வாங்குவதே அறிவுடைமை. பார்வைக்கு அழகாய் இருக்கிறதென்று எங்கும் காணாத காரை வாங்கிய நண்பர் ஒருவர், ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஏழு மாதம் காத்திருந்ததை நாம் அறிவோம்.

இனி நம் கதைக்கு வருவோம். நாம் வாங்கியது 2004 ஆம் ஆண்டுக் கார். வாங்கிய முதல் ஆண்டிலேயே அதற்கு வண்ணம் பூசினோம். 22,000 ரூபாய் ஆயிற்று. இருக்கைகளுக்குப் புதிய உறை 5,500 ரூபாய். பிள்ளைகள் வற்புறுத்தியதால் பாட்டுப் பெட்டி ஒன்று 4,000 ரூபாய். ஆக 31,500 ரூபாய். தெருவில் காண்பவரெல்லாம் "புது வண்டியா?" என்று கேட்டபோது நமக்கும் பெருமையாகவே இருந்தது. எஞ்சின் ஆயில் மாற்றியதைத் தவிர அந்த ஆண்டு முழுவதும் காரின் அடிப்பகுதியை நாம் திரும்பிப் பார்க்கவில்லை.

2022 மே மாதம் கொடைக்கானலில் உறவினர் இல்லத் திருமணம். திண்டுக்கல்லிலிருந்து நாமும், இல்லத்தரசியும், அம்மாவும், பிள்ளைகள் இருவருமாகப் புறப்பட்டோம். ஏறும்போது யாதொரு தொல்லையுமில்லை. திரும்பும்போதுதான் பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணிக் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டோம். வண்டி தானே உருண்டு இறங்கியது. வளைவு வந்தபோதெல்லாம் பிரேக்கை மிதித்தோம். பெருமாள்மலையைக் கடந்து ஊத்தை நெருங்கும் வேளையில் மிதி சற்று மெத்தென்று இருப்பதாகத் தோன்றியது. அடுத்த வளைவில் மிதித்தபோது அது தரைவரை சென்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை.

"என்னங்க, மெதுவா" என்றார் இல்லத்தரசி. பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. கியரை இரண்டுக்கு இழுத்து, பின் ஒன்றுக்கு இழுத்து, கைப்பிரேக்கையும் சிறிது சிறிதாக ஏற்றி, மலைப்பக்கத்து மண்மேட்டில் சக்கரத்தை உரசவிட்டு ஒருவாறு நிறுத்தினோம். மறுபக்கம் பள்ளத்தாக்கு. பின்னிருக்கையில் அம்மா கண்களை மூடியபடி இருந்தார். திறந்ததும் அவர் கேட்டது, "தம்பி, புள்ளைக ரெண்டும் இருக்கா?" என்பதே.

பின்னால் வந்த பேருந்தின் ஓட்டுநர் இறங்கிவந்தார். நம் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குச் செய்தி விளங்கிவிட்டது. "நியூட்ரல்ல வந்தீங்களா சார்? எந்தக் கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்லதான் இறங்கணும். அரை மணி நேரம் அப்படியே விடுங்க, ஆறட்டும்" என்றார். அவர் சொன்னவாறே அரை மணி நேரம் கழித்து மிதித்தபோது மிதி பழைய நிலைக்கு மீண்டிருந்தது. முதல் கியரிலேயே ஊர்ந்து வத்தலக்குண்டு வந்து சேர இரவாயிற்று.

இது எவ்வாறு நேர்ந்தது என்பதை மறுநாள் நம் மெக்கானிக் பெரியவர் விளக்கினார். பிரேக் மிதியை நாம் அழுத்தும்போது, அவ்விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்வது குழாய்களில் நிரம்பியுள்ள பிரேக் ஆயில். இந்தத் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறுகச் சிறுக உறிஞ்சும் இயல்புடையது. நம்மவர் பெரிதும் பயன்படுத்தும் டாட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் 205 டிகிரி செண்டிகிரேடுக்குக் குறைந்து கொதிக்கக்கூடாதென்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு அவ்வரம்பு 140 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகிறது. மலையிறக்கத்தில் இடைவிடாது மிதித்தால் பிரேக் தகடுகள் கொதிக்கும்; அச்சூடு திரவத்துக்கும் ஏறும்; ஈரமுள்ள திரவம் ஆவியாகும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமேயன்றி விசையைக் கடத்தாது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிடுவதால் மிதியும் மீண்டுவிடும். "சரியாகிவிட்டது" என்று எண்ணி மீண்டும் அதே போல் இறங்குவோர் உண்டு.

நம் காரின் கலத்திலிருந்த திரவம் காப்பி டிக்காஷனைப் போல் கறுத்திருந்தது. பதினெட்டு ஆண்டுகளில் எப்போது மாற்றினார்களோ, எவருக்கும் தெரியாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இந்தத் திரவத்தின் விலை சில நூறு ரூபாய். "வண்டி ஓடுறதுக்கு எல்லாரும் செலவு பண்ணுவாங்க சார். நிக்கிறதுக்குச் செலவு பண்ண ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார் பெரியவர். முன்சக்கரப் பிரேக் பேடுகள், பின்சக்கரப் பிரேக் ஷூக்கள், வீல் சிலிண்டர்கள், வெடிப்புற்ற ரப்பர்க் குழாய்கள் ஆகிய அனைத்தையும் மாற்ற 6,800 ரூபாய் ஆயிற்று. முந்தைய ஆண்டு வண்ணம் பூசிய தொகையில் மூன்றிலொரு பங்கும் இல்லை.

பெட்ரோல் மிச்சப்படுத்தவென்று நியூட்ரலில் இறங்கினோமே, அதிலும் மிச்சம் யாதும் இல்லை. கார்புரேட்டர் இன்றிப் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எப்.ஐ. எஞ்சின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் பெட்ரோல் வரத்து நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கப் பெட்ரோல் குடித்துக்கொண்டே இருக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குவது அதனினும் கொடிது. பூஸ்டர் பொருத்திய கார்களில் ஓரிரு மிதிகளுக்குள் பிரேக் கல்லைப் போல் இறுகிவிடும்.

அன்று முதல் நம் இல்லத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. காரை நிறுத்துவது, திருப்புவது, குளிர்விப்பது ஆகிய மூன்றுக்கும் செலவைத் தள்ளிப்போடுவதில்லை. மற்றவை காத்திருக்கும். இடப்புறக் கதவின் நசுங்கல் இன்றும் அப்படியே இருக்கிறது.

குளிர்விப்பதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பழைய கார்களின் எஞ்சினைக் கொல்வது பெரும்பாலும் இதுவே. ரேடியேட்டரில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் வழக்கம் நம்மூரில் பரவலாயுள்ளது. வெந்நீர்ப் பானையின் அடியில் உப்பு எவ்வாறு காறையாகப் படிகிறதோ, அவ்வாறே ரேடியேட்டரின் நுண்குழாய்களிலும் படியும், துருவும் சேரும். கூலன்ட் திரவத்தைக் காய்ச்சி வடித்த நீருடன் உரிய அளவில் கலந்து ஊற்றினால் காறையும் துருவும் தவிர்க்கப்படும், கொதிநிலையும் உயரும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்திருந்தால் அழுத்தம் குறைந்து நீர் முன்னதாகவே கொதித்துவிடும். மூடியின் விலை அற்பம். எஞ்சினின் மேற்பகுதியாகிய சிலிண்டர் ஹெட் அலுமினியத்தால் ஆனது. ஒருமுறை அளவு மீறிக் கொதித்தாலே அது வளைந்து, கேஸ்கட் எரிந்துவிடக்கூடும். பிறகு லேத்துப் பட்டறையில் கொடுத்துச் சமன் செய்து, புதிய கேஸ்கட் பூட்டி மீள்வதற்குள் கையிலுள்ளது கரைந்துவிடும்.

நம் காரின் ரேடியேட்டரை 2023 இல் பிரித்தபோது ஒரு விந்தையைக் கண்டோம். தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. எஞ்சின் ஏறத்தாழ எண்பது டிகிரிச் சூட்டை அடையும் வரை நீரோட்டத்தைத் தடுத்து, பிறகு திறந்துவிடும் சிறு வால்வு அது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறியும் பட்டறைகள் உள்ளன. அது இல்லாவிடில் எஞ்சின் உரிய சூட்டை அடையப் பிந்தும். கணினியோ எஞ்சின் குளிர்ந்திருப்பதாக எண்ணிப் பெட்ரோலை மிகுதியாகப் பீய்ச்சும். இரண்டாண்டுகளாக நம் கார் பெட்ரோலை விழுங்கியதன் காரணம் அன்றுதான் விளங்கிற்று. அவ்வால்வையும் சேர்த்து அந்த வேலைக்கு 5,400 ரூபாய்.

டைமிங் பெல்ட் என்பது எஞ்சினுக்குள் வால்வுகளை உரிய நேரத்தில் இயக்கும் பல் வைத்த ரப்பர்ப் பட்டை. அறுவதற்கு முன் அது ஓசை ஏதும் எழுப்புவதில்லை. அறுந்தால் வண்டி நடுவழியில் நின்றுவிடும். சில வகை எஞ்சின்களில் வால்வுகளும் பிஸ்டனும் மோதிச் சிதையும். ஆதலின் பழைய கார் வாங்குவோர், எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லையேல், மாற்றவில்லை என்றே கொள்க. நாம் அதனைக் கிளட்ச் வேலையுடன் சேர்த்துச் செய்தோம். இரண்டுக்கும் 8,600 ரூபாய்.

டயரைப் பொறுத்தவரை நம்மவர் வரிப்பள்ளத்தை மட்டும் பார்ப்பர். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரத்தில் செய்யப்பட்டதென்பது பொருள். அதிகம் ஓடாத கார்களின் டயர்கள் தேயாமலேயே முதுமையடைந்து வெடிப்புறுகின்றன. நமக்கு நான்கும் மாற்ற 11,200 ரூபாய் ஆயிற்று. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்குப் பெரியவர்கள் எவருக்கும் புத்தாடை இல்லை.

பழைய பாகங்களை வாங்கலாமா எனப் பலர் கேட்பதுண்டு. சென்னைப் புதுப்பேட்டை போன்ற இடங்களில் கதவுக் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, பம்பர், இருக்கை, விளக்குக் கூடு ஆகியன புதியதன் விலையில் சிறு பகுதிக்கே கிடைக்கும், தாராளமாக வாங்கலாம். பிரேக், ஸ்டீயரிங், டயர், பெல்ட், ரப்பர்க் குழாய் ஆகியவற்றை மட்டும் புதிதாகவே வாங்க வேண்டும். மெக்கானிக்கிடம் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பார்ப்பது நன்று. அதை ஐயப்பாடாக எண்ணாமல், அவரே எடுத்துக் காட்டுமாறு இன்முகத்துடன் கேட்கலாம். நம் மகள் இப்போது எல்லாப் பாகங்களின் பெயரையும் அறிவாள்.

வீட்டிலேயே செய்யத்தக்கவையும் உள. பேட்டரி முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியை, முனைகளைக் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவித் துடைத்து, வாசலின் தடவிப் பூட்டலாம். கதவுகளின் அடியிலுள்ள சிறு துளைகளைத் தென்னை ஈர்க்கால் குத்தி அடைப்பெடுத்தால் மழைநீர் தேங்கித் துருப்பிடிக்காது. மழைக்காலத்தில் ரப்பர் மிதியடிகளை உயர்த்தி அடித்தகட்டைக் காயவிடுதல் வேண்டும். பெட்ரோல் குழாய்களையும் மோந்து பார்ப்பது இப்போது அவசியமாகிவிட்டது. 2025 இல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. பழைய கார்களின் ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் அதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. பெட்ரோல் வாடை வீசினால் அன்றே குழாயை மாற்றுக. எத்தனாலும் ஈரத்தை உறிஞ்சுவதாகையால், அரைத் தொட்டிப் பெட்ரோலுடன் காரை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பதும் நன்றன்று.

இனிக் கணக்கு. நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி, ஓடிய கிலோமீட்டர், செய்த வேலை, கொடுத்த தொகை ஆகியவற்றை இல்லத்தரசி எழுதிவருகிறார். மாதந்தோறும் 1,500 ரூபாயைப் பிஸ்கட் டப்பா ஒன்றில் போட்டு வைப்பதும் அவரே. மலையிலிருந்து தப்பி வந்த பின் மூன்றாண்டுகளில், மேற்சொன்ன வேலைகளுக்கு 32,000 ரூபாயும், ஆறு முறை ஆயில் மாற்ற 9,000 ரூபாயுமாக மொத்தம் 41,000 ரூபாய். மாதத்துக்கு ஏறத்தாழ 1,140 ரூபாய் விழுகிறது. அந்த 32,000 ரூபாய், நாம் முதல் ஆண்டில் அழகுக்குச் செலவிட்ட தொகைக்கு ஏறக்குறைய இணையானது என்பதை இல்லத்தரசி நோட்டில் அடிக்கோடிட்டு வைத்துள்ளார்.

பெட்ரோலும் காப்பீடும் இதில் அடங்கா. அரசுக் கட்டணமும் அடங்காது. பதினைந்து ஆண்டு முடிந்த காரின் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாயிருந்த அக்கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாயிற்று. இருபது ஆண்டைக் கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்தது. பசுமை வரி தனி. அன்பருடைய அண்ணனின் காருக்கு இப்புதுப்பிப்பு எப்போது வருகிறதென்பதை ஆர்.சி. புத்தகத்தில் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். அடுத்த ஆண்டே வருமாயின், ஐம்பதாயிரம் என்பது உண்மையில் அறுபதாயிரத்துக்கும் மேல்.

உறவினர்தானே என்று பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுவதும் ஆகாது. 29, 30 ஆம் படிவங்களைச் சாவி கைமாறும் நாளிலேயே எழுதிவிடுக. விபத்து நேர்ந்தால் பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளராகப் பொறுப்பேற்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2018 இல் தீர்ப்பளித்துள்ளது. அண்ணன் வடநாட்டிலிருந்து வழக்குக்கு வர நேர்ந்தால் உறவும் கெடும்.

எனவே அன்பரே, வாங்குவதற்கு நாம் தடை சொல்லவில்லை. தாயாரின் முழங்காலுக்கு அந்தக் கார் பெரும் உதவியாகும். ஆயின் விலைக்கு மேல் இருபத்தையாயிரம் ரூபாய் கையில் இருந்தால் மட்டுமே வாங்குக. அண்ணன் வீட்டுக்கு விடியற்காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே செல்க. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாலாடை போன்ற படிவு இருக்கிறதா எனப் பார்க்க. இருந்தால் கேஸ்கட் போயிருக்கலாம். கிளப்பியதும் நீலப் புகை விடாது வந்தால் எஞ்சின் ஆயிலை எரிக்கிறது. அத்தகைய காரை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். மிதியடியை உயர்த்தி அடித்தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துக. துருவில் விரல் இறங்குமாயின் அதையும் விட்டுவிடுக. இறுதியாக, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருக்க. மிதி மெல்ல மெல்ல இறங்கினால், சொன்ன விலையில் ஏழாயிரம் குறைத்துக் கேட்டு, காரை ஓட்டாமல் இழுவை வண்டியில் ஏற்றி நேரே பட்டறைக்குக் கொண்டுசெல்க. தாயாரையும் பிள்ளைகளையும் ஏற்றுவது அதன் பிறகே.